முதலில் மண்ணைப் பார்ப்போம், பிறகு பிள்ளையைப் பார்ப்போம்

(ஜொகூர் பாருவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வாரத்தில் கிடைக்கிற ஒரே ஓய்வு நாளில், துணி துவைக்கிற வேலையையும் சந்தைக்குப் போகிற வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இங்கே வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் வீடுகளில், ஒட்டுக்கடைகளில், சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் கூட அடிக்கடி ஒரு பேச்சு காதில் விழுகிறது. "நம்ம ஆளுங்களே இப்படித்தான். குடி, சண்டை, கும்பல். நம்ம ரத்தத்திலேயே அது ஊறிப் போச்சு." இதை மற்ற இனத்தவர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. நாமே சொல்லும்போது தலையை ஆட்டிக்கொள்கிறோம். இன்று நான் பேச வந்தது இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான். இது உண்மையா? உண்மை இல்லை என்றால், எது உண்மை?

கணக்கை மறைக்க வேண்டாம்

முதலில் நமக்குக் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அப்போது சொல்லப்பட்ட கணக்கின்படி, உறுப்பினர்கள் சுமார் 40,000 பேர். அவர்களில் 28,000-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். நாட்டின் மக்கள் தொகையில் நாம் சுமார் 7 விழுக்காடுதான். அந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள் என்று கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் நம் குடியிருப்புகளில் பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார்கள் இருக்கிறார்கள் என்பதை எந்தக் கேள்வியாலும் மறைக்க முடியாது.

இந்த எண்ணைப் பார்த்தவுடன் இரண்டு விதமான பதில் வருகிறது. ஒன்று, "இந்த இனமே இப்படித்தான்." இன்னொன்று, "பெற்றோர் ஒழுங்காக வளர்க்கவில்லை." முதல் பதில் ரத்தத்தைக் குறை சொல்கிறது. இரண்டாவது பதில் உங்களைக் குறை சொல்கிறது. பிள்ளை நின்ற மண்ணைப் பற்றி இரண்டுமே பேசுவதில்லை.

வள்ளுவர் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தான் சேரும் நிலத்தின் தன்மையைத் தண்ணீர் பெறுவதை அங்கே உவமையாகக் காட்டுகிறார். நாம் அதைப் பிள்ளைக்கு மட்டுமே போதிக்கிறோம். "கெட்ட பையன்களோடு சேராதே" என்கிறோம். நல்ல புத்திதான். ஆனால் அதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த நிலம் எப்படி அப்படி ஆனது? யார் அதை அப்படி ஆக்கினார்கள்? தண்ணீரைத் திட்டுவதற்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டாமா?

சைக்கிளை விட்டு இறங்கு

நம் தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேட்டில் துரை பங்களா. கொஞ்சம் கீழே கிராணிமார் வீடுகள். பள்ளத்தில் லயம். யார் பெரியவன், யார் சின்னவன் என்பதைப் பிள்ளைக்கு யாரும் வாயால் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். விடியுமுன் பெரட்டு. கங்காணி பெயர் கூப்பிட்டால்தான் அன்றைய வேலை. வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு தலைமுறை வாழ்ந்தவனுக்கு, பேசுவதற்கு முன் தலையைக் குனிவது பழக்கமாகிவிடுகிறது. பிறகு வெளியிலிருந்து வருகிறவன் அதைப் பார்த்துவிட்டு, "தமிழர்கள் பணிவானவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள், அதனால்தான் தோட்டத்துக்குப் பொருத்தமானவர்கள்" என்று எழுதி வைக்கிறான்.

வெள்ளைக்காரன் ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு குணத்தை ஒட்டினான். மலாய்க்காரர் சோம்பேறி என்றான். அது எப்படிக் கட்டப்பட்ட பொய் என்பதைப் பேராசிரியர் சையத் உசேன் அலாத்தாஸ் 1977-இல் ஒரு நூலாகவே எழுதிக் காட்டினார். தோட்டத்திலும் சுரங்கத்திலும் அடிமாட்டுக் கூலிக்கு வேலை செய்ய மறுத்தவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்தான் 'சோம்பேறி' என்றார். மறுக்க வழியில்லாமல் வேலை செய்தவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் 'பணிவு'. அதுதான் நமக்கு வந்தது.

அந்தப் பணிவு ரத்தத்தில் இருந்ததா? 1941-ஆம் ஆண்டைப் பாருங்கள். சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பள உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது எல்லாம் இருந்தன. அவற்றோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரே வரும்போது, தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும்.

கூலி கேட்டுப் போராடுகிறவன் சைக்கிளைப் பற்றி ஏன் பேச வேண்டும்? ஒவ்வொரு நாளும் இறங்கி இறங்கி, கடைசியில் மனசும் இறங்கிவிடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தன் அப்பா சைக்கிளை விட்டு இறங்குவதைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளை என்ன பாடம் கற்கும் என்பதும் தெரிந்திருந்தது. அவர்கள் உளவியல் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் சுற்றுச்சூழல் மனிதனின் உள்ளத்தை எப்படிச் செதுக்குகிறது என்பதை அனுபவித்தே அறிந்திருந்தார்கள்.

அதே பட்டியலில் இன்னொரு கோரிக்கையும் இருந்தது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். "குடி நம் பிறவிக் குணம்" என்று சொல்கிறவர்களுக்கும் சொல்லுங்கள். லயத்துக்குப் பக்கத்தில் கள்ளுக்கடையைக் கொண்டு வந்து வைத்தது நாம் இல்லை. உரிமம் கொடுத்து அதில் வருமானம் பார்த்தது நாம் இல்லை. அதை மூடச் சொல்லிக் கேட்டது நம் தாத்தாக்கள். அந்தப் போராட்டத்துக்குக் கிடைத்த பதில் என்ன? நாதன் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அதே மக்கள், வேறு மண்

ரத்தமா, மண்ணா என்ற கேள்விக்கு நம் வரலாறே விடை வைத்திருக்கிறது. இரண்டே ஆண்டுகள் கழித்து, 1943-இல், சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். ஜான்சி ராணி பெண்கள் படை உருவானது. மலாயாத் தோட்டங்களிலிருந்து, பால்வாளி தூக்கிய நம் பெண்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புவரை அந்நிய ஆண் முன்னால் நிமிர்ந்து பேசாதவர்கள் சீருடை போட்டுத் துப்பாக்கிப் பயிற்சி எடுத்தார்கள். சில மாதங்களில் ரத்தம் மாறுமா? அவர்களைச் சுற்றி இருந்தவர்கள் மாறினார்கள். அவர்களை அழைத்த பெயர் மாறியது. அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்டது மாறியது.

போர் முடிந்த பிறகு, 1946-47-இல், கெடாவில் தோட்டத்து இளைஞர்கள் 'தொண்டர் படை' அமைத்துக் கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தார்கள். தோட்டத்து இளைஞர்கள்தான், கூட்டமாகச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, அன்றாடக் கூலிக்காரர்கள் தவணை தவணையாகப் பணம் கட்டிப் பங்குதாரர் ஆனார்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. 'சேமிக்கத் தெரியாதவன்' என்று பெயர் வாங்கியவன்தான் தோட்டம் வாங்கினான். நம்பிக்கை வைக்க ஓர் இடம் கிடைத்தால் நம் ஆள் சேமிப்பான். கிடைக்காவிட்டால் சம்பள நாளன்றே செலவழிப்பான்.

தோட்டம் போனபோது என்ன போனது?

இப்போது நம் ஊருக்கு வருவோம். இன்று மவுண்ட் ஆஸ்டின் என்றால் கடைவீதியும் காப்பிக் கடைகளும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். அது ஒரு ரப்பர் தோட்டத்தின் பெயர். முத்தியாரா ரினி வீடமைப்புப் பகுதியின் பெயருக்குள்ளும் ஒரு தோட்டத்தின் பெயர்தான் ஒளிந்திருக்கிறது. தெப்ராவ், ஸ்கூடாய், மாசாய், உலு திராம், கூலாய் என்று நம்மைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தோட்டம் இருந்த இடம்தான். 1980-க்கும் 2000-க்கும் இடையில் நாடு முழுவதும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

தோட்டத்தை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. சைக்கிள் கதையை இப்போதுதான் சொன்னேன். ஆனால் தோட்டம் போனபோது வேலை மட்டும் போகவில்லை. வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுச் செல்ல ஓர் ஆயாக் கொட்டகை இருந்தது. மாலையில் பந்து விளையாடத் திடல் இருந்தது. கோயில் திருவிழாவில் இளைஞனுக்கு ஒரு பொறுப்பு இருந்தது. தப்பு செய்தால் கண்டிக்க அடுத்த வீட்டு மாமாவுக்கு உரிமை இருந்தது. கீரை போட ஒரு துண்டு நிலம், மாடு கட்ட ஒரு கொட்டில் இருந்தது. இவை அனைத்தும் ஒரே நாளில் போயின. கையில் கொஞ்சம் இழப்பீட்டுப் பணம், சில இடங்களில் அதுவும் இல்லை. பிறகு ஒரு மலிவு விலை அடுக்குமாடி வீடு. இரண்டு மூன்று அறைகள், பழுதான மின்தூக்கி, விளையாட இடம் என்றால் கார் நிறுத்துமிடம்.

ஜொகூர் பாருவுக்கு இன்னொன்றும் உண்டு. பாலம். ஒவ்வொரு நாளும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கிருந்து சிங்கப்பூருக்கும் அங்கிருந்து இங்கேயும் கடக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்த அறையில் இருக்கிறீர்கள் என்று நான் கேட்கத் தேவையில்லை. விடியற்காலை 4 மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறீர்கள். பிள்ளை தூங்குகிறது. இரவு திரும்புகிறீர்கள். பிள்ளை மறுபடியும் தூங்குகிறது, அல்லது கைப்பேசியில் இருக்கிறது, அல்லது கீழே இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் வீட்டுத் தவணை, பள்ளிக் கட்டணம், ஊசி மருந்து எல்லாம். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிற்பகல் ஒரு மணியிலிருந்து இரவு வரை அந்தப் பிள்ளைக்கு யார் மண்?

இந்த இடத்தில்தான் கும்பல் வருகிறது. அது கத்தியோடு வருவதில்லை. சாப்பாடு வாங்கித் தருகிற ஓர் 'அண்ணனாக' வருகிறது. பள்ளியில் பின் வரிசையில் பெயரே இல்லாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு அது ஒரு பெயர் வைக்கிறது. யாராவது அடித்தால் பத்துப் பேர் வருவார்கள் என்ற தைரியத்தைத் தருகிறது. ஆயாக் கொட்டகை, திடல், கோயில், அடுத்த வீட்டு மாமா ஆகிய நான்கும் கொடுத்ததைக் கும்பல் ஒன்றே கொடுப்பதாகச் சொல்கிறது. விலையைப் பிறகுதான் சொல்கிறது. இதைச் சொல்வது குற்றத்தை நியாயப்படுத்த இல்லை. வெட்டியவன் வெட்டியதற்குப் பொறுப்பு. ஆனால் எதைத் தேடிப் போனான் என்று தெரியாமல் அவன் தம்பியை நாம் காப்பாற்ற முடியாது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கை நடுங்கும்

இதெல்லாம் வெறும் பேச்சா என்று கேட்பவர்களுக்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 6, 7-ஆம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வரைந்த புதிர்ப் பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கண்டுபிடித்தால் காசு. யார் எந்தச் சாதி என்று சொல்லாமல் வைத்த போது, தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்கள் உயர்சாதிச் சிறுவர்களுக்குச் சமமாகச் செய்தார்கள். பிறகு இன்னொரு குழுவில், எல்லார் முன்னிலையிலும் ஒவ்வொருவரின் தகப்பன் பெயர், ஊர், சாதி ஆகியவற்றை உரக்கப் படித்துவிட்டு அதே புதிரைக் கொடுத்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சட்டென்று இறங்கியது. மூளை அதே மூளை. புதிர் அதே புதிர். நடுவில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டும்.

"எஸ்டேட் பையன்", "நீ எங்கே உருப்படப் போறே", "இவன் வகுப்பே கடைசி வகுப்பு" என்று நம் பிள்ளைகள் காதில் தினமும் விழும் அறிவிப்புகள் எத்தனை? வெளியில் மட்டும் இல்லை. நம் வீட்டுக்குள்ளும் விழுகின்றன. கல்யாணப் பேச்சிலும் கோயில் நிர்வாகத்திலும் இன்னும் சாதி கேட்கிற நாமும் அந்த அறிவிப்பாளர்கள்தான்.

இரண்டாவது ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தமிழ்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்தப்பட்டு, 2013-இல் வெளியானது. அந்த மாவட்டங்கள் பழைய தென்னாற்காடும் வடஆற்காடும். நம்மில் பலருடைய முன்னோர் கப்பலேறிய ஊர்கள். கரும்பு அறுவடைக்கு முன் கையில் காசு இருக்காது, கடன் இருக்கும். அறுவடைக்குப் பின் காசு வரும். ஒரே விவசாயிக்கு இரண்டு நேரத்திலும் சிந்தனைத் திறனைச் சோதித்தார்கள். காசு இல்லாத நேரத்தில் அதே மனிதனின் கவனமும் யோசிக்கும் திறனும் தெளிவாகக் குறைந்திருந்தன. கடன் கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் இருக்கிற இடத்தில்தான் மற்ற முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது.

மாதக் கடைசியில் பிள்ளை பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கேட்கும்போது நீங்கள் ஏன் வெடிக்கிறீர்கள் என்று இப்போது புரிகிறதா? நீங்கள் கெட்ட தாய் இல்லை, கெட்ட தகப்பன் இல்லை. உங்கள் தலைக்குள் ஏற்கெனவே வீட்டுத் தவணை உட்கார்ந்திருக்கிறது.

ஒரே மாடியில் இரண்டு பிள்ளை

ஒரு கேள்வி கட்டாயம் வரும். "ஒரே அடுக்குமாடியில்தான் ஒருவன் டாக்டர் ஆனான், ஒருவன் சிறைக்குப் போனான். மண் ஒன்றுதானே?" நியாயமான கேள்வி. அந்த டாக்டர் பிள்ளையின் பக்கத்தில் போய்ப் பாருங்கள். வீட்டில் இருந்த ஒரு பாட்டி, மாலையில் சும்மா பாடம் சொல்லிக் கொடுத்த ஓர் ஆசிரியர், தன் பிள்ளையோடு சேர்த்துச் சோறு போட்ட ஒரு பக்கத்து வீட்டு அக்கா, இப்படி யாரோ ஒருவர் இருந்திருப்பார். கட்டடம் ஒன்று, ஆனால் காலடி மண் ஒன்றில்லை. அந்தப் பிள்ளையின் உழைப்பை நான் குறைக்கவில்லை. உழைப்பு வேர் பிடிக்க ஒரு கைப்பிடி நல்ல மண்ணாவது வேண்டும் என்கிறேன். மனிதன் சுற்றுச்சூழலின் கைதி இல்லை. 1941-இல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களும் அதே தோட்டத்து மண்ணில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவராக மறுக்கவில்லை. சேர்ந்து மறுத்தார்கள்.

நம் கையில் இருப்பது என்ன?

வீட்டில்: "உன் புத்தியே அப்படித்தான்" என்ற வார்த்தையை நிறுத்துவோம். செய்த தப்பைக் கண்டியுங்கள், பிள்ளையின் பிறப்பைக் கண்டிக்க வேண்டாம். நாளுக்குப் பத்து நிமிடம், பாலத்தில் நெரிசலில் நிற்கும் நேரமாக இருந்தாலும் சரி, ஃபோனில் "இன்னைக்கு என்ன நடந்துச்சு, ஐயா?" என்று கேளுங்கள்.

குடியிருப்பில்: இந்தக் கட்டடத்தில் வேலை நேரம் மாறி மாறி வருகிறது. பிற்பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு ஒருவர் ஒரு நாள் என்று முறை வைத்து, கீழ்த்தளத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் எழுத விடலாம். படிப்பு தெரிய வேண்டியதில்லை. ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். அது நமது புதிய ஆயாக் கொட்டகை.

பள்ளியில்: தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் முதல் ஆண்டில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். மொழி மாறுகிறது, முகங்கள் மாறுகின்றன. அந்த ஓராண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்குக் கட்டாயம் போங்கள். பிள்ளையை எந்த வகுப்பில், எதனால் போட்டார்கள் என்று கேளுங்கள். கேட்பது சண்டை இல்லை, உரிமை.

வெளியில்: இவ்வளவும் நாமே செய்துகொண்டால் அரசாங்கம் தப்பித்துவிடும். அதற்கும் இடம் கொடுக்க வேண்டாம். மண்ணைத் தயார் செய்தது கொள்கைகள்தான். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்க அனுமதித்ததும், மாற்று வீட்டை உறுதி செய்யாததும், திடலே இல்லாமல் அடுக்குமாடி கட்ட விட்டதும் கையெழுத்துப் போட்டு நடந்த காரியங்கள். ஆகவே பிள்ளைகளுக்குத் திடல், பாலர் பள்ளி, பொது அறை, பழுது பார்த்த மின்தூக்கி ஆகியவற்றை மாநகர் மன்றத்திடம் எழுத்து மூலம் கேட்போம். ஒரு வீடு எழுதினால் கோப்புக்குள் போகும். ஒரு கட்டடமே கையெழுத்திட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அரிசி மூட்டை கேட்காமல் இதைக் கேட்போம்.

தோழர்களே, "நம்ம ஆளுங்களே இப்படித்தான்" என்று அடுத்த முறை யாராவது சொன்னால், அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். கள்ளுக்கடையை மூடச் சொன்னது யார் என்று கேளுங்கள். தோட்டம் வாங்கப் பணம் கட்டியது யார் என்று கேளுங்கள். பிறகு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அடுத்த வாரம் எந்த நாள் அவருக்கு வசதி என்று கேட்டு, அவர் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியல் வாசலில் மேசை மேல் இருக்கிறது. போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.